கேட்டலும் இரத்தலும்

வேலைக்கான நேர்முகத் தேர்வு, அறையை விட்டு வெளியே வந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. அதன்பின் வரும் காத்திருப்பும் ஒரு தேர்வே. முன்னது அறிவையும் திறனையும் அளக்கின்றது. பின்னது பண்பை அளக்கின்றது. அந்நாள்களில் ஓர் இளைஞன் வாளா இருத்தல் தகுமா? மீண்டும் அணுகிக் கேட்டல் தகுமா? கேட்பது இரப்பதாகிவிடாதா? சிறியனபோல் தோன்றினும் இவை மானம் பற்றிய வினாக்கள். ஆதலின் ஆராயத் தக்கவை.

நம் இளைஞரிடையே இரு போக்குகளைக் காண்கின்றோம். சிலர், "வேண்டுமானால் அவர்களே அழைக்கட்டும்" என்று வீட்டில் இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் மறுநாளே செல்வாக்குடைய ஒருவரின் வாயிலில் நின்று, "எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா" என வேண்டுகின்றனர். ஒன்று தன்மானம் போலவும் மற்றொன்று பணிவு போலவும் தோன்றும். ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. வேலை என்பது ஒருவர் மனமிரங்கி வழங்கும் கொடை என்னும் எண்ணமே அவ்வேர்.

அவ்வெண்ணம் நமக்கு வந்த வழி வரலாற்றில் உண்டு. கங்காணி முறையில் நம் முன்னோர் பலர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். ஊரில் ஆள் சேர்த்தவரும் கங்காணி. தோட்டத்தில் வேலை வாங்கியவரும் கங்காணி. அவர் முகம் கோணாமல் நடப்பதே பிழைக்கும் வழியாயிற்று. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்தபின் அம்முறை ஓய்ந்தது. முறை ஓய்ந்தும் மனப்பழக்கம் ஓயவில்லை. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பேரப்பிள்ளையின் நெஞ்சிலும் ஒரு கங்காணி குடியிருக்கின்றார்.

வள்ளுவர் 'இரவு' என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து 'இரவச்சம்' என ஓர் அதிகாரமும் வைத்தார். வறியவன் தக்காரிடம் கேட்பதையே அவர் முற்றாக விலக்கவில்லை எனின், உழைப்பைத் தந்து ஊதியம் பெற முன்வருபவன் தன்னைப் பற்றிய முடிவு யாது என வினவுவதில் இழிவு எங்ஙனம் வரும்? இரப்பவன் பிறர் பொருளைக் கேட்கின்றான். இவனோ தனக்குரிய விடையைக் கேட்கின்றான்.

கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்வு இதற்கு நல்ல விளக்கம். கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றுப் பட்டமின்றி அலைந்த அவர், 1910ஆம் ஆண்டில் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவைக் கண்டார். முதற் சந்திப்பில் ராவ் தெளிவடையவில்லை. பிறிதொரு நாள் வரச் சொன்னார். இராமானுசன் மீண்டும் சென்றார். சென்றவர் தம் குறிப்பேட்டைத் திறந்து எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி விளக்கினார். வேண்டுவது யாது என வினவியபோது, ஆய்வைத் தொடர உயிர்வாழும் அளவு பொருள் போதும் என்றார். ராவ் மாதந்தோறும் உதவினார். எனினும் பிறர்க்கு நெடுநாள் சுமையாக இருக்க இராமானுசன் விரும்பவில்லை. 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு எழுத்தர் வேலை வேண்டி எழுதினார். மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார்.

அவருக்கும் பரிந்துரைக் கடிதம் இருந்ததே எனச் சிலர் கேட்கலாம். இருந்தது. ஆனால், அது பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருடைய கணிதத் திறனுக்குத் தந்த சான்று. திறனை அறிந்தவர் சான்று கூறுதல் வேறு. திறனை அறியாதவர் செல்வாக்கைச் செலுத்துதல் வேறு. பின்னதனால் பெறும் நாற்காலி, அதே கூடத்தில் காத்திருந்த மற்றோர் ஏழைப் பிள்ளையிடமிருந்து பறித்ததாகவும் இருக்கக்கூடும். நம் மாணவர் இதனை மறத்தலாகாது.

கிள்ளான் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கோ பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அலுவலகம் ஒன்றிற்கோ விண்ணப்பிக்கும் மாணவர்க்கும் வழி இதுவே. தேர்வு முடிந்த ஓரிரு நாளில் நன்றி கூறிச் சுருக்கமாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுக. பதவியின் பெயர், தேர்வு நடந்த நாள், அங்குப் பேசியவற்றுள் தம் திறனோடு பொருந்தும் ஒரு செய்தி ஆகியன போதும். முடிவு தெரிவிப்பதாகச் சொன்ன நாள் கடந்து ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை வினவுக. பின்னும் விடை வாராதாயின் இன்னும் ஒருமுறை. அதன்பின் மௌனத்தையே விடையாகக் கொண்டு அடுத்த வாயிலை நாடுக. பொதுச் சேவை ஆணையம் போன்றவை முடிவுகளை இணையத்தில் காணச் செய்கின்றன. ஆங்கு அதிகாரிகளைத் தொலைபேசியில் நெருக்குதல் முறையன்று. வீட்டுத் துன்பத்தை அக்கடிதத்தில் எழுத வேண்டா. துன்பம் பொய்யன்று, ஆயினும் அது பதவிக்குரிய தகுதியும் அன்று.

கடமை ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதன்று. 'தெரிந்துவினையாடல்' என ஆள்வோர்க்கு ஓர் அதிகாரம் வகுத்தது நம் மறை. ஆளைத் தெரிவு செய்பவர், தெரிவு செய்யாதவனுக்கும் ஒரு வரி எழுதக் கடமைப்பட்டவர். 'இல்லை' என்னும் சொல் கசப்பானதே. எனினும், அது காத்திருப்பவனை விடுவிக்கின்றது. விடையளிக்காமை அவனுடைய நாள்களைத் தின்கின்றது.

ஆசிரியராகிய நாம் வகுப்பில் அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம், விண்ணப்பத்தோடு நின்றுவிடுகின்றோம். விண்ணப்பத்திற்குப் பின் எழுதும் கடிதத்தையும் இனிக் கற்பித்தல் வேண்டும். தலை தாழாமலும் குரல் உயராமலும் நான்கு வரி எழுதப் பழகிய பிள்ளை, எந்தக் கங்காணியின் வாயிலிலும் சென்று நிற்க வேண்டியதில்லை.