பந்தி விசாரணை

எருசலேமில் உதித்த ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் பிணக்கு சாப்பாட்டுப் பங்கீட்டைப் பற்றியது என்பதை, அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைக் கருத்தூன்றி வாசிப்போர் அறிவர். எபிரெயர் எனப்பட்ட, உள்ளூர் மொழி பேசிய யூதர்களும், கிரேக்கம் வழங்கிய தேசங்களிலிருந்து வந்து குடியேறிய யூதர்களும் ஒரே விசுவாசத்தால் பிணைக்கப்பட்டிருந்தும், அன்றாட விசாரணையில் பின்னவரின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். எவரும் வேண்டுமென்று செய்த துரோகமாக அந்நூல் இதைக் கூறவில்லை. மொழி தெரியாத முதியவளின் வாசலைப் பங்கிடுவோரின் கால்கள் அறியாமலே கடந்துபோவது எக்காலத்தும் நிகழ்வதே. பாரபட்சம் தன்னைத் தான் அறியாதிருக்கும் அந்த நிலையே சபைக்கு மிகக் கொடிய அபாயம்.

கலிலேயராகிய பன்னிரு அப்போஸ்தலரும், விடுபட்டோர் சார்பில் முறையிட்டோருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். தங்களவரையே இன்னும் கவனமாயிருக்கும்படி எச்சரித்திருக்கலாம். அவர்களோ சபையாரையெல்லாம் கூட்டி, நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கடைசியானவர் பிறப்பால் யூதரே அல்லர், யூத மார்க்கத்தைத் தழுவிய அந்தியோகியா பட்டணத்தார். யூதர் பலரும் கிரேக்கப் பெயர் தரித்த காலம் அதுவாயினும், இவ்வரிசை காட்டும் திசையில் ஐயமில்லை. முறையிட்ட தரப்பாரிடமே பந்தி முழுவதும் ஒப்படைக்கப்பட்டது; எபிரெய விதவைகளும் இனி அவர்களுடைய நேர்மையை நம்பியே உண்ண வேண்டியவர்களாயினர். பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் கையில் தம் சொந்த ஆகாரத்தை வைத்த இந்தத் துணிவுக்கு இணையானதொன்றைச் சபைச் சரித்திரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

பந்திக்கென்று நியமிக்கப்பட்டோர் பந்தியோடு நின்றுவிடவுமில்லை. ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் பேசி உயிர் துறந்தார். பிலிப்பு சமாரியாவுக்கும், எத்தியோப்பிய மந்திரியிடத்துக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுசென்றார். அந்நிய மொழியினருக்குச் சபையில் ஒரு மூலையை ஒதுக்கி, ஆண்டுக்கொரு முறை அவர்கள் பாட்டையும் உணவையும் ரசித்துவிட்டு, உபதேசத்திலும் நிதியிலும் அவர்களை அண்டவிடாத தலைவர்கள் இதைச் சிந்திப்பது நலம்.

அந்தியோகியா சபையில் தலைவர்களாயிருந்த ஐவர், சீப்புரு தீவினர் பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊராராகிய லூகி, ஏரோதோடு வளர்க்கப்பட்ட மனாயீன், தர்சு பட்டணத்துச் சவுல் ஆகியோர். ஆயினும் அதே பட்டணத்தில் பேதுரு, புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகியபோது, ஐவருள் ஒருவராகிய பர்னபாவும் உடன் இழுப்புண்டார். அச்சவுலாகிய பவுல் எல்லோர் முன்பாகவும் பேதுருவைக் கண்டித்தார். தலைவர் பட்டியலில் பல இனத்தார் இருப்பது அவசியம். அவர்களுள் ஒருவர் மற்றொருவரைக் கண்டிக்கும் உரிமையும் வழக்கத்தில் இல்லையேல் அப்பட்டியல் வெறும் அலங்காரமே.

நம் நாட்டிலும் இவ்வுண்மை சோதிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெறுமுன், ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர் ஊழியம் செய்வது கூடுமா என்று தயங்கிய மிஷனெரிகள் இருந்தனர். அதற்கு ஈராண்டு முன்பே எடின்பரோ மிஷனெரி மகாநாட்டில், தியாகத்தைக் காட்டிலும் சிநேகமே எங்களுக்கு வேண்டும் என்ற பொருள்பட அவர் முறையிட்டிருந்தார். முறையிட்டவரிடமே பொறுப்பும் வந்தது. தமிழராகிய அவர் தோர்ணக்கல் நாட்டில் தெலுங்கைக் கற்று, மாலர், மாதிகர் எனும் எளிய மக்களிடையே உழைத்து, அந்நாட்டுத் தெலுங்கரையே குருமாராக எழுப்பினார்.

ஆகவே, பல மொழியினர் கூடும் நகரத்துச் சபைகளில் பொறுப்பேற்றிருக்கும் அன்பர்களை நான் வேண்டுவது இது: அடுத்த சேகரக் கமிட்டியை அமைக்கும்போது, வெகுநாளாக முறுமுறுத்துக்கொண்டிருப்போருள் நற்சாட்சி பெற்ற ஒருவரைத் தேடிப் பொருளாளராக்குங்கள், கணக்குப் புத்தகத்தையும் காணிக்கைப் பெட்டியின் சாவியையும் அவரிடம் கொடுங்கள்.