இருபதாம் வசனத்துக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவ வீடுகளுக்கு இரண்டு தாள்கள் வந்து சேரும். ஒன்று அரையாண்டுத் தேர்வின் கால அட்டவணை. மற்றது சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரல். இரண்டையும் பீரோ கதவில் பக்கம் பக்கமாக ஒட்டிவைப்பார்கள். கேரல் பவனி நம் தெருவுக்கு வரும் இரவுக்கு மறுநாள் காலை வேதியியல் இருக்கும். ஓய்வுநாள் பள்ளி நாடகத்தின் கடைசி ஒத்திகையும் கணக்குத் தேர்வும் ஒரே நாளில் விழும். எப்படியோ ஒவ்வோர் ஆண்டும் இது தவறுவதில்லை. கல்வித் துறைக்கும் சபையின் சேகரக் கமிட்டிக்கும் ரகசிய ஒப்பந்தம் ஏதாவது உண்டா சார் என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான்.

நான் இந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். காலையில் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நிற்கிற முகத்தை மாலையில் பாடகர் குழுவில் பார்ப்பேன். ஊரின் அமைப்பு அப்படி. 1785-ல் கிளாரிந்தா அம்மையார் எழுப்பிய சிறு கோயில், 1826-ல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் கட்டப்பட்டு, பின்னால் எழுந்த கோபுரத்தால் ஊசிக்கோபுரம் என்று பெயர் பெற்ற தூய திரித்துவ ஆலயம் என்று சொல்லிக்கொண்டே போனால், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பள்ளிக்கூடம் வந்து நிற்கும். மிஷனரிகள் கோயில் கட்டிய கையோடு பள்ளியும் கட்டினார்கள். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸும் படிப்பும் ஒரே மேசையில் நடக்கும். இயற்பியல் புத்தகத்தின் மேல் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நட்சத்திரம் ஒட்டுவார்கள்.

சிறு பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்: புது உடுப்பு, கேக், பருத்தி தாடி ஒட்டிக்கொண்டு வந்து ஆடும் தாத்தா. பெரியவர்களுக்கு என்னவென்பதும் தெரியும். துணிக்கடை, பேக்கரியில் கொடுத்த முன்பணம், ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்குப் பாய் தலையணை, மாதக் கடைசிக்குள் எப்படிச் சமாளிப்பது என்ற கணக்கு. நடுவில் இருக்கிற பதினான்கு, பதினைந்து வயதுக்காரருக்கு அது என்ன? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் எல்லா இலைக்கும் போவான். அவனுக்கென்று ஒரு இலை எப்போது விழும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். டிசம்பரில் எங்கள் ஊர்ப் பதின்வயதினர் அப்படி.

மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுவது அவர்கள். சீரியல் விளக்கில் எந்த பல்பு போயிற்று என்று மொட்டைமாடியில் தேடுவது அவர்கள். குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கப்போடுவதும், வைக்கோலுக்கு அலைவதும் அவர்கள். வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து, பாகு பதம் பார்த்து, அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில் முக்கி எடுக்கிற அம்மாக்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இந்த வயதில் கையில் வேலை கொடுப்பது பெரிய மரியாதை. ‘நீ சின்னப் பிள்ளை, தள்ளி நில்லு’ என்று போன வருஷம் சொன்னவர்களே இந்த வருஷம் ஜெனரேட்டர் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தச் சாவியை வாங்கும்போது அவன் நிற்கிற நிற்பை, நான் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் பார்த்ததில்லை.

கேரல் பவனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவு உணவு முடித்து வண்டி கிளம்பும். பெட்டி, டிரம், தோலக், கரகரக்கும் ஒலிபெருக்கி. முன்னால் வால்நட்சத்திரம் வைத்த கம்பு. ஒரு வீட்டில் காபி, அடுத்த வீட்டில் கேக், அதற்கடுத்த வீட்டில் இன்னொரு காபி. எல்லா வீட்டிலும் ஒரு ஜெபம், ஒரு காணிக்கைக் கவர். பகலில் யாரிடமும் பேசாத பையன் அந்த இரவில் தாளம் தப்பாமல் தட்டுவதைக் கேட்கலாம். படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு தாத்தாவின் கட்டிலைச் சுற்றி நின்று மெதுவாகப் பாடிவிட்டு, வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் நடப்பார்கள். மரணம், முதுமை, தனிமை ஆகிய பாடங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அவற்றைப் பதினைந்து வயதில் ஒரே இரவில் வீடு வீடாகப் படித்துவிடுகிறார்கள். ஒரு தெருவில் கிரானைட் தரை. அடுத்த சந்தில் பத்துப் பேர் உள்ளே நிற்க இடமில்லாத வீடு. காணிக்கைக் கவரைத் திறக்கும்போது எந்த வீட்டில் மனசு பெரிது என்பதும் தெரிந்துவிடும். அதைப் பற்றி வண்டியில் நடக்கும் உரையாடல் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பவனி பத்து மணியோடு முடிந்துவிடும். அப்பாக்கள் பைக்கில் வந்து முக்கில் காத்திருப்பார்கள். பையன்கள் விடியும்வரை போவார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அந்த ராத்திரி முழுக்கப் பாடுகிறார்களோ, அவளும் அநேகமாக இவர்கள் வயதுக்காரி. வேதாகமம் மரியாளின் வயதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்து யூத சமூகத்தில் நிச்சயம் செய்யும் வயதை வைத்து, அவள் பதின்பருவத்தில் இருந்திருப்பாள் என்பதே அறிஞர்கள் பலரின் கணிப்பு. நம் குடில்களில் அவளுக்கு நீல முக்காடு போட்டு, வயது தெரியாத ஒரு அம்மாவாக மண்டியிட வைத்துவிட்டோம். வீட்டில் சொல்ல முடியாத ஒரு செய்தியைச் சுமந்துகொண்டு, யூதேயாவின் மலைநாட்டில் இருந்த உறவுக்காரி எலிசபெத்தைத் தேடி அவசரமாய்ப் போன பெண் அவள். லூக்கா இதையெல்லாம் தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்படுகிற எங்கள் பிள்ளைகளிடம் இந்த மரியாளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

பள்ளியிலும் ஒரு கிறிஸ்துமஸ் விழா நடக்கும். தேர்வு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் அவசரமாக நடக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிகளின் விழா நாடகத்தில் ஞானியரில் ஒருவர், முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்திலிருந்து வருவார். யோசேப்பு நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டு மேடையேறுவார். இதை வைத்து மத நல்லிணக்கம் என்று மேடையில் பெரிதாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு அது நாடகம். வகுப்புக்குப் போக வேண்டாம் என்பது கூடுதல் லாபம். அவ்வளவு இயல்பாக இருப்பதுதான் அதன் அழகு. அப்படி ஒரு மதியம் அட்டையில் வெட்டிய ஆட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்:

“சார், இயேசு சாமி நம்ம வயசுல என்ன சார் பண்ணிட்டு இருந்தாரு?”

நான் பதில் சொன்னேன். பன்னிரண்டு வயதில் ஒரு சம்பவம் இருக்கிறது. பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் பெற்றோருடன் போனவர், ஊர் திரும்பும்போது சொல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் பயணம் வந்துவிட்ட பெற்றோர், திரும்பிப் போய்த் தேடி, மூன்று நாள் கழித்துத் தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். பெரிய போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும், அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வயதில் ஊழியம் தொடங்கும்வரை ஒன்றும் எழுதப்படவில்லை.

பையன் தூரிகையைக் கீழே வைத்தான். “சொல்லாம கொள்ளாம தங்கிட்டாரா? அப்போ பதினெட்டு வருஷம் வீட்டுல வெளியே விட்டிருக்க மாட்டாங்க சார்.”

சிரித்து முடித்து வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். லூக்கா இரண்டாம் அதிகாரம். கிறிஸ்துமஸ் அன்று ஆலயங்களில் வாசிக்கப்படுகிற அதே அதிகாரம். குடிமதிப்பு, பெத்லகேம், முன்னணை, மேய்ப்பர்கள் எல்லாம் இருபதாம் வசனத்தில் முடியும். வாசிப்பும் பெரும்பாலும் அத்தோடு நிற்கும். அதே அதிகாரத்தில் நாற்பத்திரண்டாம் வசனத்தில் அந்தக் குழந்தை வளர்ந்து பன்னிரண்டு வயதுப் பையனாகி நிற்கிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் வளரிளம் பருவத்தைப் பற்றி இருக்கிற ஒரே பகுதி அது. நடந்ததையெல்லாம் தாய் மனதில் வைத்துக்கொண்டாள் என்று லூக்கா அந்த அதிகாரத்தில் இரண்டு முறை எழுதுகிறார். முதல் முறை மேய்ப்பர்கள் வந்தபோது. இரண்டாவது முறை, வளர்ந்த மகன் தங்களுக்குப் புரியாத ஒரு பதிலைச் சொன்னபோது. தொட்டில் பிள்ளையும் எதிர்த்துக் கேட்கும் பிள்ளையும் அந்தத் தாய் மனதில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பண்டிகை நடத்துகிறோம். அந்த இரண்டாவது பாதியில்தான் என் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையில் இந்த வயதுக்குத் திடப்படுத்தல் என்று ஒரு சடங்கு இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது மற்றவர்கள் தனக்காகச் சொன்ன விசுவாசத்தைத் தன் வாயால் சொல்லித் திருவிருந்தில் சேருவது. அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்கான வகுப்பையும் நாம் டியூஷன் ஆக்கிவிட்டோம். வினாவிடைப் புத்தகம், மனப்பாடம், ஒப்பித்தல். கேள்வியும் அச்சடித்து வருகிறது, பதிலும் அச்சடித்து வருகிறது. பள்ளியில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நாங்கள் செய்யும் அநியாயத்தை எங்கள் போதகர் ஐயரவர்களும் ஆலயத்தில் செய்கிறார்கள். இயேசு பிறந்ததை ஒட்டிப் பெத்லகேமில் சாகடிக்கப்பட்ட குழந்தைகளைக் கடவுள் ஏன் விட்டுவிட்டார் என்று ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்றினால், அதைக் கேட்க டிசம்பரில் எந்த மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை. நிகழ்ச்சி நிரல் நிரம்பி வழிகிறது.

2023 டிசம்பரில் அட்டவணை இரண்டும் ஒரே நாளில் செல்லாமல் போயின. 17-ம் தேதி ஞாயிறு தொடங்கிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலியில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. எங்கள் பக்கத்தில் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கேரலுக்குப் பேசி வைத்திருந்த வண்டிகளில் பாலும் ரொட்டியும் பாயும் ஏறின. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வண்டியின் பின்னால் நின்று, எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனார்கள். அந்த ஆண்டு பெண் பிள்ளைகளை யாரும் பத்து மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, ஆள் போதவில்லை. அடுத்த திங்கள்கிழமை கிறிஸ்துமஸ். பல வீடுகளில் புது உடுப்பு இல்லை. நனைந்த புத்தகங்களை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு ஆராதனைக்கு வந்தார்கள்.

வெள்ளம் நல்லதைச் செய்தது என்று எழுத எனக்கு வாய் வராது. வீடும் கடையும் ஆடுமாடும் போனவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் உனக்கு என்ன என்று பிறகு வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, வழக்கமான தொழுவமும் வெள்ளாடையும் தூதர்களும் அந்த ஆண்டு தாள்களில் குறைந்திருந்தன. ஒருத்தி, தான் ரொட்டி கொடுக்கப்போன வீட்டுப் பாட்டி, நனையாத ஒரே டவலை எடுத்து இவள் தலையைத் துவட்டிவிட்டதை எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன்.

இந்த வயதினருக்கு நாம் அறிவுரை நிறையக் கொடுத்துவிட்டோம். நேரம் கொடுக்கவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை, ஒன்பது நாள். அதில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று கல்வித் துறை எச்சரிக்கத்தான் செய்கிறது. பொதுத்தேர்வு நெருங்குகிறது என்ற சாக்கில் பல இடங்களில் 26-ம் தேதி காலையிலேயே மணி அடித்துவிடுகிறார்கள். என் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அந்த ஒன்பது நாளைத் தொடாதீர்கள். பெற்றோர் பைக்கில் போய் முக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, மகள்களோடு சேர்ந்து பவனியில் விடியும்வரை நடந்து வரலாம். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐயரவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்தக் கிறிஸ்துமஸில் இருபதாம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடாமல், நாற்பத்தொன்று முதல் ஐம்பத்திரண்டு வரையும் வாசியுங்கள். அதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டே வசனங்கள், இரண்டு நிமிடம் போதும்.