வளாகத்துக்கு வெளியே

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதற்கு உயிர்கொடுத்தவர் தனிநாயக அடிகளார். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரவை மாணவர்கள் பின்னாளில் சிறுகதைப் போட்டி நடத்தி, பரிசுக் கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்தார்கள். எனக்கு இது மாநாட்டுக்குக் குறையாத பணி. தேர்வுக்கும் இடுபணிக்கும் நடுவே கதைகளை வரவழைத்து, நடுவர்களைத் தேடி, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு அலைந்து நூல் போடுவது எந்தப் பாடத்திட்டமும் தராத தமிழ்ப் படிப்பு! கைதேர்ந்த எழுத்தாளரும் முதல் கதை எழுதும் மாணவரும் ஒரே நூலுக்குள் வந்தார்கள்.

கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங் போன்ற ஊரில் இலக்கிய விழா நடக்கும்போது பல்கலைக்கழகம் இப்படித்தான் உள்ளே வர வேண்டும். விரிவுரைஞர்கள் பொன்னாடை வாங்கியதும் கிளம்பிவிடாமல், உள்ளூர் எழுத்தாளரின் நூலை முன்கூட்டியே படித்து வந்து, குறை நிறைகளை அவர் முகத்துக்கு நேரே பேசட்டும். அந்த மரியாதைக்காகத்தான் எழுதுகிறவர் ஏங்குகிறார்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. ரப்பர் தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த தாத்தா பாட்டிகள் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் இருக்கிறார்கள். விடியாத பொழுதில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், லயத்து வீடும், ஆயாக்கொட்டகையில் விட்டுப்போன கைக்குழந்தையும் இன்னும் அவர்கள் பேச்சில் வருகின்றன. விழா அரங்கின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு அவர்களைப் பேசவிடுங்கள். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, மறுவாரமே பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.