வேப்பிலை கட்டிய வாசலும் நோட்டீஸ் ஒட்டிய வாசலும்

பெங்களூரின் ஓசூர் சாலையில் இருக்கும் தொழிற்பேட்டை பொம்மசந்திரா. கொரோனா நோயாளிகளுக்கு அவசரத் தேவைக்காக 2020 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட இட்டோலிசுமாப், இங்கு ஆலை வைத்திருக்கும் பயோகான் நிறுவனத்தின் மருந்து. ஆனால் அதே ஆண்டு கர்நாடகத்தில், தனிமையில் இருக்க வேண்டியவர்களின் கையில் அழியாத மையால் முத்திரை குத்தினார்கள். பெங்களூரில் வீட்டு வாசல்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைக் கடந்து போகவே அஞ்சினார்கள்.

தொற்று கண்ட மனிதரை எப்படிப் பார்ப்பது? இது மருத்துவம் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

தமிழ்க் கிராமங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன. அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளிக்குத் தனி இடம். வேப்பிலையும் ஓர் அறிவிப்புதான். ஆனால் அது யாரையும் அவமானப்படுத்தவில்லை. படுத்திருப்பவரைத் தெய்வம் தங்கிய உடம்பாக நடத்தச் சொன்னது. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபின் அங்கே பிளேக் அம்மாவுக்குக் கோயில் எழுந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இன்றும் இருக்கிறாள்.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அம்மை குத்தினால் ஆத்தா கோபிப்பாள் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். 1975இல் இந்தியாவில் பெரியம்மை முடிவுக்கு வந்தது பூஜையால் அல்ல. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருந்த அனைவருக்கும் தடுப்பூசி போட்டதால்தான்.

ஆனால் மரியாதை இல்லாத மருத்துவமும் தோற்றிருக்கிறது. 1897இல் புனேயில் பிளேக் தடுப்பு என்று சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் சுடப்பட்டு இறந்தார். அவமானத்துக்கு அஞ்சி ஒளிந்தவரிடமிருந்து நோய் இன்னும் வேகமாகப் பரவும்.

உரிய அதிகாரியின் உத்தரவின்றி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது போதாது. அடுத்த தொற்று வரும்போது, பொம்மசந்திரா ஆலைத் தொழிலாளி விலகியிருக்கும் நாட்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும். அறையைக் காலிசெய்யச் சொல்லாத வீட்டுக்காரர் வேண்டும். வாசலில் சோறு வைக்கும் அண்டைவீட்டார் வேண்டும். தடுப்பூசி போடுவதோடு இவற்றையும் நாம் செய்தாக வேண்டும்.