குற்றம் கேளாத தயை

பாபம் செய்தவனுக்கும் நம் தயையில் பாத்தியதை உண்டா என்பது சமயவாதிகள் நெடுங்காலமாக விசாரித்துவரும் பிரச்னை. 1981-இல் லண்டன் பிரிக்ஸ்டனில் மூண்ட கலகத்தை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபு, போலீஸ் காவலில் உள்ளவர்களைச் சாதாரணப் பிரஜைகள் சென்று பார்க்க வேண்டுமென்று சிபாரிசு செய்ததன் பயனாக எழுந்து, 2002-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஸ்திரம் பெற்ற ஏற்பாட்டின்படி, இங்கிலாந்தில் இருவர் இருவராக, முன்னறிவிப்பின்றி, நடுநிசியிலும் காவல் நிலையத்துக்குள் நுழையும் தொண்டர்கள், போர்வை கொடுத்தார்களா, ஆகாரம் கிடைத்ததா, வக்கீலை அழைக்கும் உரிமையை எடுத்துச் சொன்னார்களா என்றெல்லாம் காவலில் இருப்பவரை விசாரிப்பார்களேயொழிய, என்ன குற்றம் செய்தீர் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். குற்றத்தைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் கடமை. யோக்கியதை பார்த்து அளக்கும் தயையோ வெறும் சன்மானமே ஆகையால், அந்தக் கேளாமையே உண்மையான தர்மம் என்பேன்.