அயலூர்ப் பேச்சு

ஈப்போவில் வளர்ந்த ஆசிரியர் ஒருவர் நாற்பதாம் அகவையில் கோத்தா பாருவுக்கு மாற்றலாகிச் செல்கின்றார் எனக் கொள்க. பள்ளியில் பயின்ற மலாய்மொழி அவருக்கு நன்கு வரும். ஆயினும், சித்தி கதீஜா சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் தம்முள் பேசுவது அவர் செவிக்குப் பிடிபடுவதில்லை. 'என்ன' என்று பொருள்படும் 'ஆப்பா' அங்கே 'காப்போ' ஆகின்றது. உண்ணுதலைக் குறிக்கும் 'மாக்கான்' 'மாக்கே' ஆகின்றது. தமிழிலக்கணம் கற்றவராயின், தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் அச்சந்தையிலேயே கண்டு மகிழலாம்!

அவர் பேசும் பொதுமொழியோ அங்கு எவர்க்கும் விளங்கும். அவ்வாறாயின், கிளந்தான் வழக்கைக் கற்பது அவர்தம் கடமையாகுமா? தேவையில்லை என்பர் சிலர். தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு அது சரியே. ஆனால், அவரைக் கண்டதும் சந்தைப்பெண் தன் இயல்பான பேச்சை விடுத்துப் பள்ளிமொழியைத் தேடி எடுக்கின்றாள். தன் ஊரிலேயே, தன் கடைமுன்னேயே, அவள் அயலாள் ஆகின்றாள். தம் பேச்சு விளங்கிவிடுவதனாலேயே அச்சுமை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதில் பாதியையேனும் வந்தவர் ஏற்பதே முறை.

தடையாய் நிற்பது அறிவுக்குறை அன்று, நாணமே. பிறரைத் திருத்திப் பழகிய நாவுக்குத் திருத்தப்படுதல் கசக்கும். தோட்டத்துப் பிள்ளையின் பேச்சைக் கொச்சையென ஒதுக்கிய ஆசிரியருக்கோ இருமடங்கு கசக்கும். ஒலியைப் போலச் செய்தால் நையாண்டியாகக் கொள்வரோ என்னும் அச்சமும் பொய்யன்று. ஆதலின், முதற்கண் செவி பழகட்டும்; நா பின்னர்ப் பழகும். செவி பழகுதற்கே ஓராண்டு ஆகலாம். அதற்குள் அடுத்த மாற்றல் ஆணை வந்துவிடுதலும் உண்டு.