கேட்காதவருக்கும் சொல்ல வேண்டிய எண்

தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்குப் பாலாற்றுப் பகுதியில் ஒரே விடை இருந்ததில்லை. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து முஸ்லிம்களுக்கு உயிர் என்பது அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதை அழிக்க மனிதனுக்கு உரிமை இல்லை. கிறித்தவ சபைகளும் உயிரைக் கர்த்தரின் கொடையாகவே போதிக்கின்றன. வள்ளிமலையில் சிற்பங்களை விட்டுச் சென்ற சமணமோ, உணவைத் துறக்கும் சல்லேகனை நோன்பில் உயிர் விடுவதைத் துறவின் நிறைவு என்றது. இப்பகுதிக்கு அப்பால், சங்க காலத்தில் மன்னன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர் விட வடக்கிருந்தான்.

இந்தப் பழைய மரபுகளை இன்றைய தற்கொலைக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. சல்லேகனைக்கு ஆசிரியரின் இசைவு வேண்டும். கோபமோ துயரமோ தூண்ட உயிரை விட்டால் அது நோன்பே ஆகாது என்று சமணமே வரையறுத்திருக்கிறது. கடன் நெருக்கும்போதும் குடும்பச் சண்டையின்போதும் திடீரென எழும் எண்ணம் வேறு வகை. அந்த நேரத்தில் செத்துவிடலாம் என்ற எண்ணமும், யாராவது தடுக்க மாட்டார்களா என்ற ஏக்கமும் ஒரே நெஞ்சில் கிடந்து மோதுகின்றன. அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியும்வரை ஒருவர் உடன் இருக்க வேண்டும், குரலாகவேனும். சமயங்கள் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும்வரை இந்த உதவி காத்திருக்கத் தேவையில்லை.

தொலைபேசி வழியே அப்படி உடனிருக்கும் முறையை 1953இல் லண்டனில் தொடங்கியவர் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். தன் உடலில் நேர்ந்த இயல்பான மாற்றத்தை நோய் என்று அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியின் அடக்கத்தை அவர் இளம் வயதில் நடத்தியிருந்தார். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். ஒன்றிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று வந்தது. அதன் எண் 14416.

எண் இருப்பது ஒன்று, நெருக்கடியில் அது நினைவுக்கு வருவது வேறொன்று. அதைச் சொல்லும் கடமை முதலில் மருத்துவப் பணியாளருடையது. மனம் உடைந்தவர் மனநல மருத்துவரைத் தேடிப் போவது அரிது. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஓயாத தலைவலி என்றுதான் அவர் அரசு மருத்துவமனையிலோ தெருமுனை கிளினிக்கிலோ வந்து உட்காருகிறார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி ஒன்றியத்தில் நடத்திய ஆய்வு மருத்துவப் பணியாளரின் பங்கை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. கிராமங்களில் பணியாற்றும் சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு இறப்பையும் வீட்டாரிடம் விசாரித்துப் பதிந்ததில், 1994 முதல் 1999 வரை ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரிந்தது. அரசுப் புள்ளிவிவரம் காட்டிய தேசிய சராசரியைவிட இது பல மடங்கு. இறந்தபின் உண்மையைக் கேட்டறியும் அளவுக்கு வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்றவர்கள், உயிரோடு இருக்கும்போதே பேசுவதற்கும் தகுதி பெற்றவர்கள்.

பேசினால் பலன் உண்டா? உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில் நடத்தி 2008இல் வெளிவந்த ஆய்வு, தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அந்தப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்தே மருத்துவம் என்று வகுத்த வள்ளுவருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

கேட்காதவரிடம் இதைப் பேசுவது எல்லை மீறல் ஆகாதா என்ற தயக்கம் மருத்துவர்களிடம் உண்டு. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சமும் உண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. தனி மனிதரின் உரிமைக்கும் இதனால் குறைவில்லை. எண்ணைச் சொல்வது வற்புறுத்தல் ஆகாது. அழைப்பதும் விடுவதும் அவர் விருப்பம். சட்டமும் இதே திசையில் நகர்ந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைக் கவனித்து மறுவாழ்வு அளிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. வழக்கு வரும் என்று பயந்து வீட்டார் உண்மையை மறைத்த காலத்திலிருந்து இது பெரிய மாற்றம். ஆனால் அவர்களில் பலருக்கு அது இன்னும் தெரியாது. அதையும் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவரே.

சுவரில் ஒட்டிய சுவரொட்டி மட்டும் போதாது. துயரத்தில் இருப்பவர் சுவரைப் படிப்பதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வரும் ஊழியரும், பீடி சுற்றும் பெண்ணின் கர்ப்பகாலப் பதிவை எழுதும் கிராம சுகாதார செவிலியரும், மருந்துக்கடைக்காரரும் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்காமல் எல்லோரிடமும் சொன்னால் யாருக்கும் அது அவமானமாகப் படாது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஓ.பி. சீட்டிலும் மாத்திரை உறையிலும் இன்றே அதை அச்சிடத் தொடங்குங்கள்.